கொல்கத்தா போன பரிவட்டம்

ஹெலிகாப்டர் விழுந்ததைப் பற்றிக் கேட்க என்னைக் கொல்கத்தாவுக்குக் கூப்பிட்டார்கள். நான் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் சிப்பம் போடுகிறவன். விழுந்தபோது உள்ளே இருந்தேன். அதனால் கூப்பிட்டார்கள். ஹெலிகாப்டர் கம்பெனி அங்கேதான், விசாரணையும் அங்கேதான்.

நடந்தது இதுதான். பக்கத்து ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம். கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் மேலே இருந்து பூ தூவ, உபயதாரர் ஹெலிகாப்டர் பிடித்திருந்தார். அவர் நூல் மில் முதலாளி. அவரும் நானும் பின்சீட்டில். கதவைக் கழற்றிவிட்டார்கள். அவர் தலையில் கோயிலில் கட்டிவிட்ட பரிவட்டம். நான் கூடையைப் பிடித்துக்கொள்ள, அவர் அள்ளிப் போட்டார். மூன்றாவது சுற்றில் பரிவட்டம் அவிழ்ந்து கதவு வழியாகப் போனது. பின்னால் டப்பென்று ஒரு சத்தம். வண்டி பம்பரம் போலச் சுழன்றது. பைலட் அதை வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறக்கினார். இறக்கினார் என்றுதான் சொல்வேன், விழுந்தது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

முதலாளிக்குக் கை முறிந்தது. எனக்கு உதடு கிழிந்து தையல். பைலட்டுக்கு முதுகெலும்பில் அடி. கீழே இருந்த கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஹெலிகாப்டர் சாமிக்காகச் சுற்றுகிறது என்று நினைத்து அவர்கள் குலவை போட்டிருக்கிறார்கள்.

ஹௌரா ஸ்டேஷனில் லலிதா என்ற அம்மா காத்திருந்தது. உதட்டுத் தையலைப் பார்த்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டது. அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. நான் தமிழில் சொல்வதை வங்காளத்தில் மாற்றிச் சொல்ல, விசாரணைக்காரர்கள் அந்த அம்மாவை இரவல் வாங்கியிருந்தார்கள். கொள்ளுத்தாத்தா காலத்திலேயே குடும்பம் இங்கே வந்துவிட்டதாம். தமிழ் பேசியது. நடுநடுவே வங்காளமும் வந்தது.

மஞ்சள் டாக்சியில் ஏறினோம். பாலத்து நடுவில் நின்றுவிட்டது. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் இறங்கித் தள்ளினேன். தள்ளும்போது மூக்கில் பூ வாசம் அடித்தது. எட்டிப் பார்த்தால் கீழே ஆற்றங்கரையில் பெரிய பூ மார்க்கெட். செவ்வந்தி மாலைகளைத் தலையில் மலைப்பாம்பு மாதிரிச் சுற்றிக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். இறங்கிப் பார்க்கலாமா என்றேன்.

"அண்ணா, ஆபீஸ் காரியமா வந்திருக்கேள்" என்றது லலிதா அம்மா. ஆனாலும் கூட வந்தது.

எங்கள் ஊரில் பூவை நாரில் முடிச்சுப் போட்டுக் கட்டுவோம். இங்கே ஊசியால் குத்திக் கோக்கிறார்கள். எல்லாப் பூவுக்கும் நெஞ்சில் ஒரு ஓட்டை. ஆனால் வேகம் அதிகம். எங்கள் ஆள் ஒரு முழம் கட்டுவதற்குள் இவர்கள் ஒரு மாலை முடித்துவிடுகிறார்கள். ஒருவரிடம் சாயங்காலம் வரை தாங்குமா என்று கேட்கச் சொன்னேன். சாமிக்குத்தானே, சாயங்காலம் வேறு மாலை போடுவார்கள் என்றார். மண் குவளையில் டீ குடித்தோம். குடித்துவிட்டுக் குவளையை உடைத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. பையில் வைத்துக்கொண்டேன்.

மறுபடி டாக்சியில் ஏறியதும் லலிதா அம்மா விஷயத்தைச் சொன்னது. பைலட் எச்சரிக்கை எதுவும் சொல்லவில்லை என்று மில் முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். சொன்னேன் என்கிறார் பைலட். சொல்லவில்லை என்று ஆகிவிட்டால் அவர் இனிமேல் ஹெலிகாப்டர் ஓட்ட முடியாது. பைலட் வீடு இங்கேதான், டாலிகஞ்சில். முதுகுக்குப் பெல்ட் போட்டுப் படுத்திருக்கிறாராம்.

"நடுவுல நீங்க ஒருத்தர்தான்ணா."

"சொன்னாரும்மா" என்றேன்.

அதன் முகம் தெளிந்தது. நான் பாக்கியைச் சொல்லவில்லை.

பாக்கி இதுதான். பைலட் ஹிந்தியில் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் ஹிந்தி தெரியாது. அவர் தன் தலையையும் கழுத்தையும் தொட்டு, எதையோ உருவுவது போலக் காட்டினார். எனக்குப் புரிந்தது. என் துண்டை உருவி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். முதலாளி சிரித்து வணக்கம் வைத்தார். பைலட் திரும்பி அவர் தலையில் இருந்த துணியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு அவரும் கையெடுத்துக் கும்பிட்டார். எஞ்சினைப் போட்டார்.

இதைச் சொன்னால் பைலட் துணியைப் பார்த்தும் கிளம்பினார் என்று ஆகும். சொல்லாவிட்டால் அவர் தப்பித்துக்கொள்வார். எங்கள் மூன்று பேரையும் உயிரோடு இறக்கியவர் அவர்.

மறுநாள் அலிப்பூர். விசாரணை அதிகாரியை மஜும்தார் பாபு என்றார்கள். பெரிய உடம்பு, சின்னக் குரல். மேஜையில் ஒரு கண்ணாடிக் கவர். அதற்குள் பரிவட்டம். மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. பாதிதான் இருந்தது. கிரீஸ் அப்பியிருந்தது. எனக்கு முன்னால் அது கொல்கத்தா வந்துவிட்டது.

விழுந்த அன்று காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதிலிருந்து கேட்டார். என்னென்ன பூ, ஈரமா உலர்ந்ததா, கட்டியதா உதிரியா. உதிரிதான் என்றேன். பூவில் நார் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று ஹெலிகாப்டர் கம்பெனி முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தது. நான் சலித்துத்தான் போட்டேன். கூடையையும் தரையோடு கட்டச் சொன்னார்கள். கட்டினோம். நாரை நினைத்திருக்கிறார்கள், கூடையை நினைத்திருக்கிறார்கள். பரிவட்டம் என்று ஒன்று இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது.

ஒரு துணி எப்படி அவ்வளவு பெரிய வண்டியைச் சுற்ற வைத்தது என்று நான் கேட்டேன். கேட்டதில் அவருக்குச் சந்தோஷம். எழுந்து போய் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். காலைத் தூக்கிக்கொண்டு, ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் பிடித்து வலது பக்கம் வீசினார். நாற்காலி இடது பக்கம் திரும்பியது. மேலே இருக்கிற பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். வாலில் இருக்கிற சின்ன விசிறிதான் அதைச் சுற்றவிடாமல் பிடித்து வைக்கிறது. துணி அந்தச் சின்ன விசிறியைப் பிடித்துவிட்டது. இன்னொரு தரம் வீசிக் காட்டினார். நாற்காலி சுவரில் இடித்தது. லலிதா அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

பைலட் என்ன செய்தார் என்று கேட்டேன். எஞ்சினை அணைத்துவிட்டார் என்றார். ஆகாயத்தில் எஞ்சினை அணைப்பதா என்றேன். எஞ்சின் நின்றால்தான் உடம்பு சுற்றுவது நிற்கும், கீழிருந்து வருகிற காற்றிலேயே பெரிய விசிறி ஓடும், தரைக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த ஓட்டத்தை வைத்துப் பிடித்து இறக்க வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது என்றார். அன்றைக்குச் சத்தம் திடீரென்று நின்றது எனக்கு ஞாபகம் இருந்தது. செத்துவிட்டோம் என்று அப்போதுதான் நினைத்தேன். அவர் பிழைக்க வைத்ததும் அப்போதுதானாம்.

மத்தியானம் கேன்டீனில் சாப்பாடு. பருப்பில் தேங்காய்த் துண்டும் சர்க்கரையும் போட்டிருந்தார்கள். மீன் குழம்பில் கடுகு அரைத்து ஊற்றியிருந்தார்கள், மூக்கில் ஏறியது. தயிர் மண் சட்டியில் வந்தது. அதுவும் இனிப்பு. உப்புக் கேட்டேன். தயிரில் உப்புப் போடுகிறவனை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

சாப்பிட்டு எழுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். வாக்குமூலத்தை எழுதுகிறவர் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் விசாரணையை நிறுத்தினார்கள். நாளைக்கு எஞ்சின் போட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார் மஜும்தார் பாபு.

மழை விட்டதும் லலிதா அம்மா என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனது. டாலிகஞ்ச் வரை மெட்ரோ. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் ஆட்டோ வந்தால் வரிசை கலைந்துவிடும். இங்கே கலையவில்லை. பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர். பின்னால் ஓரத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாவின் துப்பட்டா வெளியே சக்கரத்துப் பக்கம் தொங்கியது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவுக்கே புரிந்தது. பெரிய ஏரோப்ளேன் ஓட்டுகிறார் என்று முணுமுணுத்தபடி துப்பட்டாவைச் சுருட்டி மடியில் வைத்தது. வண்டி கிளம்பியது.

இறங்கும்போது, வாய் திறந்து சொன்னால் என்ன என்று அவரைக் கேட்கச் சொன்னேன். டிரைவர் என்னைப் பார்க்காமலே சொன்ன பதிலை லலிதா அம்மா இப்படிச் சொன்னது: "சொன்னா சண்டைக்கு வருவா. வண்டி நின்னா தானா எடுத்து வெச்சுப்பா."

வீட்டில் வத்தக்குழம்பும் அப்பளமும். இரண்டு நாளாக இனிப்புத் தின்ற நாக்குக்கு நன்றாக இருந்தது. லலிதா அம்மாவின் வீட்டுக்காரர் பாங்கில் அதிகாரி. எனக்கு எதிரே உட்கார்ந்து, ஆபீஸ் விவகாரம் எப்படி என்று பொறுமையாகச் சொன்னார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. சொன்னாரான்னு கேட்டா, சொன்னார். அவ்வளவுதான். நீங்க நல்லது பண்ணப்போய் ஒருத்தர் பொழைப்பு போயிடப்படாது."

பாக்கி இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. என் முகத்தில் இருந்திருக்கும். லலிதா அம்மா இன்னொரு அப்பளம் வைத்தது.

மூன்றாம் நாள். தங்கியிருந்த லாட்ஜ் காளிகாட்டில், கோயிலுக்குப் பக்கத்துச் சந்து. காலையில் போனேன். சந்து முழுக்கச் செம்பருத்தி மாலை. எங்கள் மார்க்கெட்டில் செம்பருத்திக்கு விலையே கிடையாது, வேலியில் பூத்து வேலியில் உதிரும். இங்கே அதுதான் அம்மனுக்குப் பிடித்தது. கூட்டம் தள்ளிக்கொண்டு போய் உள்ளே விட்டது, பார்ப்பதற்குள் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விட்டது. நடுவில் ஒரு பூசாரி அம்மன் மேலிருந்து எடுத்த மாலையை என் கழுத்தில் போட்டார்.

அந்த மாலையோடுதான் ஆபீசுக்குப் போனேன். டிராமில் எல்லோரும் பார்த்தார்கள். மஜும்தார் பாபுவும் பார்த்தார். உட்காரச் சொல்லி, அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், வசதியாக இருக்கும் என்றார்.

"எங்கிட்டுங்க கழட்டி வைக்கிறது?" என்றேன்.

மேஜையைக் காட்டினார். மேஜையில் எச்சில் டீக் குவளை இருந்தது. தரையைப் பார்த்தேன். அவரும் தரையைப் பார்த்தார். பிறகு கவரில் இருந்த பரிவட்டத்தைப் பார்த்தார். இதுவும் அப்படியா என்று மட்டும் கேட்டார்.

இது அதைவிடப் பெரிது என்றேன். பரிவட்டம் சாமி முன்னால் மேளம் அடித்துக் கட்டுவது. ஊர் பார்க்கக் கட்டுவது. காரியம் முடிகிற வரை தலையில்தான் இருக்கும். மில் முதலாளி தன் கையாலே அதை எடுத்து மடியில் வைத்தால் மரியாதை வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அவர் எடுக்க மாட்டார். நானும் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

பிறகு கேட்டார். எஞ்சின் போடுவதற்கு முன்னால் பைலட் சொன்னாரா?

"சொன்னாருங்க. கையால தலையைத் தொட்டுக் காட்டினாரு. எனக்கு வெளங்குச்சு. மொதலாளிக்கு வெளங்கல. அவரும் பொய் சொல்லல. அவருக்குத் தெரிஞ்சு யாரும் ஒண்ணும் சொல்லலதான்."

லலிதா அம்மா மாற்றிச் சொன்னது. எழுதினார்கள். மஜும்தார் பாபு அடுத்த தாளைப் புரட்டினார். அவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

"இன்னொண்ணு இருக்குங்க" என்றேன்.

லலிதா அம்மா என்னைப் பார்த்தது. நான் சொன்னேன். பைலட் திரும்பியதை, துணியைப் பார்த்ததை, கும்பிட்டதை. கும்பிட்டது எப்படி என்று செய்து காட்டினேன். லலிதா அம்மா உடனே மாற்றிச் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து மூடியது. பிறகு சொன்னது, மெதுவாக.

மஜும்தார் பாபு எனக்குப் பைலட் மேல் கோபமா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் ஏன் சொன்னீர்கள் என்றார். டாலிகஞ்ச் ஆட்டோவைச் சொன்னேன். அந்த ஆள் எப்படி உட்கார்ந்தார், எப்போது அணைத்தார், அந்த அம்மா எப்போது எடுத்து வைத்தது என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். எல்லாம் எழுதினார்கள். ஆட்டோவை எதற்கு எழுதுகிறார்கள் என்று எழுதுகிறவருக்கே புரியவில்லை.

பைலட் கவனக்குறைவு என்று எழுத ஒரு வரி போதும் என்றார் மஜும்தார் பாபு. அதோடு விசாரணை முடிந்துவிடும். அடுத்த வருஷம் இன்னொரு கோயில், இன்னொரு பைலட், இன்னொரு துணி. அவரும் கும்பிடுவார். அதனால் அவருக்கு வேண்டியது வேறு. அந்தத் துணியை மனம் நோகாமல் தலையிலிருந்து யார் எடுக்க முடியும்?

லலிதா அம்மா அதை எனக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அவரிடம் வங்காளத்தில் தானே ஏதோ சொன்னது. பிறகு என்னிடம், "கட்டிவிட்ட குருக்கள் எடுத்தா எடுக்கலாமோல்லியோண்ணா? எங்காத்துல அப்பிடித்தான்" என்றது.

"எடுக்கலாம்மா. ஐயர் எடுத்து தட்டுல வச்சுட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அப்படியானால் இத்தனை நாள் தப்பான ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்றார் மஜும்தார் பாபு. பயணியிடம் சொல்லக்கூடாது, பூசாரியிடம் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டார். கிளம்பும்போது என் மாலையை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

வாக்குமூலம் முடிந்துவிட்டதால் இனிப் பைலட்டைப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். பின்னால் சொல்வதைவிட முகத்துக்கு நேரே சொல்வது நல்லது.

டாலிகஞ்சில் மாடியில் அவர் வீடு. பெயர் அனிர்பன். ஜன்னலோரக் கட்டிலில் இடுப்பில் பெல்ட்டோடு சாய்ந்திருந்தார். ஜன்னலில் தெரிந்த துண்டு வானத்தில் ஒன்றும் பறக்கவில்லை. முதலாளியின் கை கூடிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் என் உதட்டை. அவர் மனைவி டீயும் சந்தேஷும் கொண்டுவந்தார். பால் இனிப்பு, வாயில் போட்டதும் கரைந்தது. நான் முழுங்கும் வரை காத்திருந்து, என்ன சொன்னீர்கள் என்று அனிர்பன் கேட்டார்.

"நீங்க சொன்னதையும் சொன்னேன். கும்பிட்டதையும் சொன்னேன்."

லலிதா அம்மா மாற்றிச் சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன்.

அவர் கண்ணைத் திறந்து பேசியது நீளமாக இருந்தது. லலிதா அம்மா சுருக்கிச் சொன்னது. பேனா பிடிக்க முடிந்த முதல் நாளே கும்பிட்டதையும் அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இடத்தை அடித்துவிடச் சொல்லிப் பலர் வந்தார்கள். அடிக்கவில்லை. நான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அடிபட்டதில் மூளை குழம்பி எழுதினார் என்று தள்ளிவிட்டிருப்பார்கள். எச்சரித்ததையும் சேர்த்துத் தள்ளியிருப்பார்கள். நீங்கள் எனக்கு உதவி செய்துவிடுவீர்களோ என்றுதான் பயந்தேன் என்றார்.

பார்த்தும் ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்டேன். சாமி துணி என்று தெரிந்தது, எடு என்று சொல்ல வாய் வரவில்லை என்றார்.

மனைவி அவரைப் பார்க்காமல் எங்களிடம் ஏதோ சொன்னார். லலிதா அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் ஸ்கூட்டர்ல ஏறினா, பொடவைத் தலைப்பைச் சொருகற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டார். உங்க ஊர்ல போய்க் கும்பிட்டுண்டு நின்னாராம்னு சொல்றா."

அவரும் சிரித்தார். முதுகு வலித்துப் பாதியில் நிறுத்தினார். மனைவி தலையணையைச் சரிசெய்தார். நான் கழுத்து மாலையை எடுத்து அவர் கட்டில் தலைமாட்டில் மாட்டினேன். அதற்கு அது சரியான இடமாக இருந்தது.

ஊருக்கு வந்து மாதங்கள் ஓடின. லலிதா அம்மா ஒரு நாள் போன் செய்தது. லைசென்ஸ் போகவில்லை. முதுகு சரியானதும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். அது வரை புதுப் பைலட்டுகளுக்குப் பாடம் எடுக்கிறாராம். ஆட்டோக் கதையில்தான் ஆரம்பிக்கிறாராம்.

போன மாதம் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு கும்பாபிஷேகம். பூ எங்கள் கடையிலிருந்து போனது. உதிரி, சலித்தது. நான் ஏறவில்லை, கூடை ஏற்ற மட்டும் போனேன். வந்த பைலட் வேறு ஆள். எஞ்சினைப் போடாமல் வண்டிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உபயதாரர் பரிவட்டத்தோடு வந்தார். பைலட் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐயரைப் பார்த்தார். ஐயருக்கு முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார்கள். அவர் போய் மந்திரம் சொல்லிப் பரிவட்டத்தை அவிழ்த்துத் தட்டில் வைத்தார். இறங்கி வந்ததும் கட்டிவிடுகிறேன் என்றார். உபயதாரர் வெறுந்தலையைத் தடவிக்கொண்டு ஏறினார்.

தட்டைப் பிடிக்க ஆள் தேடிய ஐயர் அதை என் கையில் கொடுத்தார்.

விசிறி சுற்றியது. புழுதி எழும்பியது. பந்தல் துணியெல்லாம் படபடவென்று அடித்தது. நான் தட்டை நெஞ்சோடு சேர்த்து, பரிவட்டத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டேன். பூ விழுந்தது. கூட்டம் குலவை போட்டது. மூன்றாவது சுற்று முடிந்து வண்டி தரையில் உட்கார்ந்து விசிறி நிற்கும் வரை நான் கையை எடுக்கவில்லை.